அண்ணன் வாழை, அண்ணி வாழை

ஒரு காட்டில், அதாவது ஆண்டில் ஏழு மாதம் பனி பெய்து, மீதி ஐந்து மாதமும் அடுத்த பனியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற ஒரு காட்டில், ஆவுடையப்பன் என்றொரு கீரி இருந்தது. அது அங்கே பிறந்ததல்ல. தெற்கே, செம்மண்ணும் உடைமரமும் வெயிலுமாகக் கிடக்கிற தேரிக்காட்டில் பிறந்து, பாம்புப் பிடிப்பில் முதல் வகுப்பில் தேறி, பனிக்காட்டில் வேலை கிடைத்து வந்தது. வந்த பிறகுதான் பனிக்காட்டில் பாம்பே கிடையாது என்று தெரிந்தது. ஆனாலும் பாம்புத் தடுப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆவுடையப்பன் இருபது வருடமாக அதில் உட்கார்ந்து, இன்று பாம்பு இல்லை என்று தினமும் கையெழுத்துப் போட்டு வந்தது.

மனைவி கோமதி. ஒரே மகள் நாச்சியார். நாச்சியார் பிறந்த மூன்றாம் மாதம் தென்காட்டார் சங்கத்தில் ஒரு கல்யாணம். தென்காட்டார் சங்கம் என்பது, தெற்கிலிருந்து பிழைக்க வந்த விலங்குகளெல்லாம் கூடித் தெற்கைப் பற்றிச் சண்டைபோட்டுக்கொள்வதற்காக வைத்திருந்த இடம். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தார்கள். பார்த்ததும் ஆவுடையப்பன் ஓட்டமாக ஓடியது. கிட்டப் போய்த் தொட்டால் அட்டை. பச்சை மை பூசிய அட்டை. குலைக்குப் பதிலாக மஞ்சள் கையுறைகளை ஊதிக் கட்டியிருந்தது. பின்னால் வந்த ஒரு முள்ளம்பன்றி தன் மேல்கோட்டைக் கழற்றி அந்த வாழையில் மாட்டிவிட்டு உள்ளே போனது.

ஆவுடையப்பன் அன்றைக்குப் பாயசம்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடந்த மகளிடம் சொன்னது: "உன் கல்யாணத்துக்கு வாசல்ல உயிருள்ள வாழை நிக்கும்."

நாச்சியார் அப்போது பால் கக்கிக்கொண்டிருந்தபடியால் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு வருடத்தில் பதினோரு வாழைக்கன்று அந்த வீட்டில் செத்தது. முதல் கன்று தோட்டத்தில் நட்ட மூன்றாம் நாள் பனியில் போனது. அது அனுபவக் குறைவு. நாலாவது கன்று வீட்டுக்குள் ஜன்னலோரம் நன்றாக இருந்தது. குளிருமே என்று பாவப்பட்டுக் கோமதி தினமும் வெந்நீர் ஊற்றியதில் அழுகிப் போனது. அது பாசம். ஏழாவது, கணப்புச் சூட்டில் காற்று வறண்டு, சிலந்திப்பூச்சி பிடித்து, இலையெல்லாம் பழைய காகிதம் மாதிரி ஆகிப் போனது. அது விதி. மற்றவற்றுக்கும் இதே மூன்றில் ஒன்றைக் காரணமாக எழுதிக்கொள்ளலாம்.

பக்கத்துக் குகையில் ஒரு கரடி குடியிருந்தது. பரம்பரையாகப் பனிக்காட்டுக்காரர். ஐப்பசி பிறந்தால் அது சொத்தைப் பூட்டுகிற மாதிரிக் குகையை மூடிக்கொண்டு தூங்கிவிடும்; பங்குனியில்தான் எழுந்திருக்கும். தூங்கப் போகுமுன் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு போவது அதன் வழக்கம். ஒரு வருடம் அப்படிச் சொல்லிக்கொள்ள வந்தபோது, ஆவுடையப்பன் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது கன்றுகளைத் தோட்டத்திலிருந்து மரப்பீப்பாய்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஆளுயரம். கரடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடேன் என்றது. வெட்டி, மேலே வைக்கோலும் சாம்பலும் குவித்து மூடிவிட்டால் தண்டுதான் போகும், அடியில் கிழங்கு தூங்கும், வெயில் வந்ததும் தானாக எழுந்து வரும் என்று விளக்கியது.

"நான் வருஷாவருஷம் அதைத்தானே செய்கிறேன்," என்று கொட்டாவி விட்டது.

ஆவுடையப்பன் மரியாதைக்குத் தலையாட்டியது. கரடி போனதும் கோமதியிடம், இந்த ஊர்க்காரர்களுக்கு எதையும் தூங்கவைக்கத்தான் தெரியும் என்றது. வெட்டி, மூடி, சாம்பல் போடுவதா? அது விவசாயமா, கருமாதியா?

ஆகவே வாழைகள் கூடத்துக்கு வந்தன. கூடத்திலேயே நல்ல இடம் தெற்கு ஜன்னல். நாச்சியாரின் படிப்பு மேசை அங்கேயிருந்து சமையலறைக்குப் போனது. இலைகளை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருந்தது. காற்று வறளாமல் இருக்கச் சுற்றிலும் கிண்ணங்களில் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. வருகிறவர்களெல்லாம் அதில் கால் வைத்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் விறகு பற்றவில்லை. பனிக்காட்டில் விறகு தலைக்கு இத்தனை சுமை என்று அலுவலகத்தில் அளந்து கொடுப்பார்கள். மூன்று கீரிக்குக் கொடுத்த விறகில் மூன்று கீரிதான் பிழைக்கலாம். மார்கழி பாதியில் அண்டை வீட்டார் பார்க்காத நேரத்தில் குடும்பமே ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருக்க, வாழைகள் கணப்பருகே நின்றன.

ஆவுடையப்பன் விறகு வழங்கு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. முகப்பில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு மரங்கொத்தி. முத்திரை குத்துவதற்கென்றே பிறந்த மூக்கு. செடிகொடிகளுக்குக் கூடுதல் விறகு உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, ஆனால் இந்தக் காட்டுச் செடிகளுக்கு மட்டும் என்றது. இந்தக் காட்டுச் செடி எதற்கும் குளிருக்கு விறகு தேவைப்பட்டதே இல்லையாம். அதனால் அந்தத் திட்டம் முப்பது வருடமாக எந்தக் குறையும் இல்லாமல் நடந்துவருகிறதாம்.

"வேறு வழி ஏதும் இருக்கா சார்?"

"உங்களை நம்பியிருக்கும் முதியவர்கள் இருந்தால் தலைக்கு இரண்டு பங்கு விறகு. படிவம் தரட்டுமா?"

ஆவுடையப்பன் ஒரு நிமிடம் யோசித்தது. அது பொய் சொல்லாத கீரி. இருபது வருடமாகப் பாம்பு இல்லை என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர ஒருநாளும் இருக்கிறது என்று எழுதியதில்லை. படிவத்தை வாங்கிப் பார்த்தது. ஊரிலிருந்து அழைத்துவரப்பட்டவரா? ஆம். எழுந்து நடமாடுவாரா? இல்லை. பேச்சு உண்டா? இல்லை. திட உணவு உட்கொள்வாரா? தண்ணீர் ஆகாரம் மட்டும். குளிர் தாங்குவாரா? அறவே தாங்கமாட்டார். உங்களைத் தவிரப் பார்த்துக்கொள்ள யாராவது உண்டா? யாரும் இல்லை. எல்லாமே சத்தியம். உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. பிறகு அண்ணன், அண்ணி என்று எழுதியது. பெயர்: வாழவந்தான், வாழவந்தாள்.

மரங்கொத்தி படித்துப் பார்த்துவிட்டு, பாவம் என்றது. டொக், டொக் என்று இரண்டு முத்திரை குத்தியது.

அன்றிலிருந்து வாழவந்தான் அண்ணனும் வாழவந்தாள் அண்ணியும் அந்த வீட்டில் சௌகரியமாக இருந்தார்கள். நாலு பங்கு விறகு வந்தது. அண்ணன் கூரையைத் தொட்டார். அண்ணி பக்கவாட்டில் ஒரு கன்று விட்டார்; அதை அலுவலகத்துக்குச் சொல்லாமல் கோமதி கிள்ளி எறிந்தது. வருடம் ஒருமுறை மரங்கொத்தி வீட்டுக்கே வந்து, உயிருடன் உள்ளார் என்ற சான்றில் முத்திரை குத்திவிட்டுப் போகும். முதல் முறை வந்தபோது ஆவுடையப்பன் அண்ணனுக்கு அவசரமாகக் கம்பளியைப் போர்த்திவிட்டது; மரத்தைப் பற்றி மரங்கொத்திக்குத் தெரியாததா? ஆனால் அது அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் மரமில்லை என்று தானாகவே சொன்னது. மரம் என்றால் தனக்கு மூக்கு ஊறுமாம். இவரைப் பார்த்தால் ஊறவில்லையாம். வாழை மரமே அல்ல என்று படித்தவர்கள் சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகம் சில சமயம் சரியாகவும் இருக்கும்.

இப்படி இருக்கையில் நாச்சியாருக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையும் தேரிக்காட்டுக் கீரி வம்சம். மூன்று மலை தாண்டி வேலை. மாப்பிள்ளையின் தாய் உலகம்மை, பெண் பார்க்க வருமுன்பே அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. நடக்கமாட்டாத அண்ணனையும் அண்ணியையும் வீட்டோடு வைத்துப் பார்க்கிற குடும்பம் என்பதில்தான் அதற்கு மனசு விழுந்ததாம். முதலில் பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் காப்பி என்றது.

கோமதி ஆவுடையப்பனைப் பார்த்தது. ஆவுடையப்பன் கிண்ணங்களைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கூடத்துத் திரையை விலக்கினார்கள். கம்பளி போர்த்திக்கொண்டு இரண்டு வாழைகள் நின்றன.

உலகம்மை பைய நெருங்கி, அண்ணியின் போர்வையை இழுத்துச் சரியாக மூடிவிட்டது.

"நம்ம வீட்லயும் ஒரு சின்னம்மா இருக்காவ," என்றது. "முருங்கை. ரெண்டு பங்கு விறகு வாங்குதோம்."

அதோடு சம்பந்தம் முடிவாயிற்று.

கல்யாணத்தைத் தை மாதத்தில் வைத்தாக வேண்டும். மாப்பிள்ளைக்கு வடக்குப் பனிப்பாறையோரம் மாற்றல் வந்திருந்தது. முகூர்த்தத்துக்கு மறுநாளே கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கு அலுவலக முத்திரை விழுந்தால்தான் நாச்சியாரும் கூடப் போகலாம். விழாவிட்டால் அடுத்த விடுப்பு மூன்று வருடம் கழித்து. நாச்சியாருக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. பனிச்சறுக்கில் விழுந்தால் முதலில் தானே சிரிக்கிற பையன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். துக்க வீட்டில் பதினாறு நாளைக்கு எந்த நல்ல காரியத்துக்கும் முத்திரை கிடையாது என்று பனிக்காட்டில் ஒரு சட்டம் இருந்தது. பனிக்காட்டுக்காரர்களுக்குத் தீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. தென்காட்டார் சங்கம்தான் மூன்று வருடம் ஊர்வலம் போய், நம் பண்பாட்டை மதி என்று கோஷம் போட்டு, அந்தச் சட்டத்தை வாங்கியிருந்தது. ஊர்வலத்தில் பெரிய பதாகையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனது ஆவுடையப்பன். ஆக, அண்ணனோ அண்ணியோ அந்தத் தை மாதம் கண்ணை மூடினால் நாச்சியார் கல்யாணம் இல்லை. சரி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வாசலில் வாழை வைக்க வேண்டும். மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். உலகம்மையும், ஊரெல்லாம் சொல்லிட்டேன், அட்டை வாழையைக் கட்டிராதீங்க என்று இரண்டு முறை ஆள்விட்டது.

வாழையை வெட்டிக் கட்டினால் கொலை. ஆகவே ஆவுடையப்பன் ஒரு திட்டம் போட்டது. பீப்பாயோடு நகர்த்தி, முகூர்த்தத்துக்கு ஒரு நாழிகை மட்டும் வாசலில் நிறுத்துவது. பக்கத்தில் இரண்டு கணப்பு. தாலி ஏறியதும் உள்ளே கொண்டுபோவது. காகிதத்தில் வரைந்து, அம்புக்குறியெல்லாம் போட்டு வைத்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் தெற்கிலிருந்து கோமதியின் தம்பி முத்தையா வந்து இறங்கியது. வேலைக்கு அஞ்சாத கீரி. எதைச் செய்ய வேண்டும் என்று கேட்காமலேயே செய்துவிடும். ஆவுடையப்பன் விருந்தினர் அனுமதிச் சீட்டுக்காக அலுவலக வரிசையில் நின்று, வரிசை நகராமல், அங்கேயே பெஞ்சில் தூங்கி, விடிந்ததும் சீட்டோடு வீடு திரும்பியது. தோட்டத்துக் கதவைத் திறந்தபோதே கால் நின்றுவிட்டது.

வாசலில் இரண்டு பக்கமும் வாழைகள் நின்றன. போர்வை இல்லை. கணப்பு இல்லை. மாவிலைத் தோரணத்துக்குப் பதில் கட்டியிருந்த ஊசியிலைக் கொத்துகளில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"நேத்து சாயங்காலமே, அக்கா பின்கட்டு அடுப்புல இருக்கும்போதே, தூக்கி வெளியே வெச்சிட்டேன் அத்தான்," என்றது முத்தையா. "உள்ளே புழுங்கிப் போய் நிக்குதுங்க. காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு."

தேரிக்காட்டுக்காரருக்குக் காற்றோட்டம் என்பது நல்ல விஷயம். அதை என்னவென்று திட்டுவது?

ஆவுடையப்பன் கிட்டப் போனது. அண்ணன் பச்சையாகத்தான் இருந்தார். இவ்வளவு பச்சையாக அவர் இருந்ததே இல்லை. இலைகள் விறைத்து, வானத்தைப் பார்த்து, கண்ணாடி மாதிரி மின்னின. மெல்லத் தட்டினால் கிண்ணென்று சத்தம் வந்தது. அண்ணியும் அப்படியே. பதினோரு கன்றைப் பறிகொடுத்த கீரிக்கு அந்தச் சத்தம் தெரியும். அது வாசற்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டது. இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அழ வேண்டும்போல இருந்தது.

பாதி அலங்காரத்தோடு நாச்சியார் வெளியே வந்தது. பனியிலேயே வளர்ந்த பெண். ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. அப்பாவின் பக்கத்தில் குனிந்தது.

"மத்தியானம் அழலாம்ப்பா. இப்ப அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உறைஞ்சது உறைஞ்சபடி இருந்தா நிமிந்து நிக்கும். சூடு பட்டாத்தான் தொங்கும். தாலி ஏறுற வரைக்கும் யாரும் சூடா இருக்கப்படாது."

இரண்டு குளிர்காலம் வாழைகளுக்காகக் கணப்பை எரித்த வீட்டில், வாழைகளுக்காகவே கணப்புகள் அணைக்கப்பட்டன. ஜன்னல்களைத் திறந்தார்கள். பின்கட்டில் விருந்துச் சமையலுக்காக மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்த கோட்டை அடுப்பில்கூட முத்தையாவே தண்ணீர் ஊற்றி, தன் குற்றத்தில் பாதியைக் கழுவிக்கொண்டது. விருந்தினர்கள் வந்தார்கள். பட்டு வேட்டியிலும் பட்டுச் சேலையிலும் பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பன்னீர் தெளித்தால் மணி மணியாக விழுந்தது. சந்தனம் கட்டியாகிவிட்டது; உடைத்துக் கொடுத்தார்கள். ஏன் இவ்வளவு குளிர் என்று ஒரு முயல் கேட்டதற்கு, பழைய முறைப்படி நடக்கிறது என்றது கோமதி. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பழைய முறை என்று சொன்னால் தென்காட்டார் எதையும் தாங்குவார்கள்.

மரங்கொத்தி முத்திரையும் பதிவேடுமாக வந்தது. கல்யாணத்துக்கு முத்திரை குத்துமுன் வீட்டு முதியவர்களைப் பார்க்க வேண்டும், அது விதி. ஆவுடையப்பன் வாசலைக் காட்டியது.

"வெளியே நிற்கிறாரே?"

"மாப்பிள்ளை அழைப்பு சார். பெரியவங்கதான் நிக்கணும்."

"கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?"

"என்னைக்குமே பார்த்ததில்ல."

"சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் ஏதாவது மாற்றம்?"

ஆவுடையப்பன் பொய் சொல்லாத கீரி. "இன்னைக்குக் கொஞ்சம் விறைப்பா இருக்கார்," என்றது. "சம்பந்தி வீட்டார் வந்திருக்காங்கல்ல."

மரங்கொத்தி அதைக் குறித்துக்கொண்டது.

உலகம்மை தன் பரிவாரத்தோடு வந்து, முறைப்படி முதலில் பெரியவர்களிடம் ஆசி வாங்கப் போனது. அண்ணனின் தாழ்ந்த இலையொன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. டிக் என்றது. இலையின் நுனி அப்படியே உடைந்து அதன் உள்ளங்கையில் கிடந்தது. உலகம்மை கையை விரித்துப் பார்த்தது. இரண்டு முருங்கையை இதேபோலப் பறிகொடுத்து மூன்றாவதைச் சின்னம்மாவாக வைத்திருக்கிற கீரி அது. உடைந்த துண்டை மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டது.

"ஆசீர்வாதம் கெடச்சாச்சு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. "மத்தவங்க தூரத்துல இருந்தே கும்புட்டுக்கோங்க. பெரியவங்களைச் சிரமப்படுத்தாண்டாம்."

முகூர்த்தத்தை நடத்திவைக்கப் பனிக்காட்டில் ஆள் கிடையாது. தேரிக்காட்டிலிருந்து ஒரு கொக்கு கைபேசித் திரையில் வந்து மந்திரம் சொன்னது. குளத்தங்கரை, பின்னால் பனைமரம், ஒற்றைக் காலில் கொக்கு. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது மந்திரம் நின்றது. கொக்கு அசையவில்லை. திரை நின்றுவிட்டதா, கொக்கு தியானத்தில் நிற்கிறதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் கொக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். முத்தையா கைபேசியைத் தட்டியது, தூக்கிப் பிடித்தது, ஜன்னலுக்கு வெளியே நீட்டியது. கொக்கு அப்படியே நின்றது.

அப்போதுதான் மேகம் விலகி வெயில் வந்தது. பதினெட்டு வருடமாக ஆவுடையப்பன் எந்த வெயிலுக்காகத் தெற்கு வாசல் வைத்துக் காத்திருந்ததோ, அதே வெயில். நேராக அண்ணன் மேல் விழுந்தது. இலையின் ஓரத்தில் ஒரு நீர்மணி திரண்டது. சொட்டியது. பின்னால் இன்னொன்று. கண்ணாடிப் பச்சை மெல்லக் கருக்கத் தொடங்கியது.

மரங்கொத்தி தலையைச் சாய்த்தது. "பெரியவருக்கு என்ன? நீர் வடிகிறதே?"

மணையில் உட்கார்ந்திருந்த நாச்சியார் அப்பாவைப் பார்த்தது. கோமதிதான் சொன்னது, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு:

"தூக்கி வளத்த புள்ளை சார். போகப் போறால்லா."

சொல்லி முடிக்குமுன் கோமதிக்கே அழுகை வந்துவிட்டது. அது நடிப்பல்ல. மரங்கொத்தி இருபது வருடத்தில் ஒரு படிவத்திலும் இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்ததில்லை. அதன் கண்ணும் கலங்கியது. திரையில் கொக்கு கால் மாற்றி நின்றது. மாங்கல்யம் என்று ஒரு குரல் கிடைத்தது. அவ்வளவுதான், உலகம்மை கையைக் காட்ட, மேளம் கொட்ட, மாப்பிள்ளை தாலியைக் கட்டியது. மரங்கொத்தி பதிவேட்டில் டொக்கென்று குத்தியது.

அந்தச் சத்தத்துக்கே காத்திருந்த மாதிரி அண்ணன் மடிந்தார். ஒரு இலை, இரண்டு இலை, பிறகு மொத்தமாக, ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவதுபோல. அண்ணி அவரைப் பார்த்து அவரோடு போனார்.

முத்திரை விழுந்துவிட்டது, இனி அழலாம். தெற்கத்திப் பெண்டுகள் கூந்தலை அவிழ்த்து முறையாக உட்கார்ந்தார்கள். கணப்புகள் ஏற்றப்பட்டன. விருந்தினர்கள் முதல் பந்தியில் கல்யாணத்தை விசாரித்து, இரண்டாம் பந்தியில் துக்கத்தை விசாரித்து, ஒரே பயணத்தில் இரண்டு காரியம் முடிந்தது என்ற திருப்தியோடு கிளம்பினார்கள். சாப்பிட்ட இலை மட்டும் அட்டைதான். மரங்கொத்தி வேறொரு பக்கத்தைத் திருப்பி, நேரம்: முகூர்த்தத்துக்குப் பின், காரணம்: ஆனந்தம் என்று எழுதியது. உடலை மண்ணில் சேர்க்க வேண்டும் என்ற விதியையும் நினைவூட்டியது.

பனிக்காலத்தில் மண் கல்லாக இருந்தது. பின்கட்டில், மூன்று நாள் எரிந்த கோட்டை அடுப்பின் அடியில் மட்டும் மண் இளகியிருந்தது. ஆவுடையப்பனும் முத்தையாவும் அங்கே குழி வெட்டி, கருகிய தண்டுகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, கிழங்குகளை உள்ளே இறக்கி, அடுப்புச் சாம்பலைப் போட்டு, பந்தல் வைக்கோலை மலையாகக் குவித்தார்கள். மேலே மகளின் கல்யாண மாலையை வைத்தார்கள். மறுநாள் நாச்சியார் வடக்கே போனது. வண்டி திரும்பும்வரை கையசைத்துவிட்டு வந்த ஆவுடையப்பன், கூடத்தில் யாருமில்லாத தெற்கு ஜன்னலோரம் உட்கார்ந்தது. தண்ணீர்க் கிண்ணங்கள் அங்கேயே இருந்தன. யாரும் கால் வைக்கவில்லை.

பங்குனியில் கரடி எழுந்து, மெலிந்த உடம்பைச் சொறிந்துகொண்டு வேலியோரம் வந்தது. பின்கட்டு வைக்கோலைக் கிழித்துக்கொண்டு மூன்று குருத்துகள் நின்றன. சுருட்டிய கடிதம் மாதிரி, இளம்பச்சையாக.

"கடைசியில் நான் சொன்னபடி செய்துவிட்டாய்," என்றது கரடி.

"இல்லவே இல்ல," என்றது ஆவுடையப்பன். "நாங்க எங்க முறைப்படி செஞ்சோம்."

அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, குடும்பத்தில் தலை சேர்க்க மூன்று படிவம் வாங்கியது. உறவுமுறை என்ற கட்டத்தில் இந்த முறை பேனா நிற்கவில்லை. அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் என்று எழுதியது. மரங்கொத்தி பதிவேட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தது.

"தாத்தா பாட்டி தையில் இறந்திருக்கிறார்கள். இவர்கள் பங்குனியில் பிறந்திருக்கிறார்கள். நடுவில் அப்பா அம்மா யார்?"

ஆவுடையப்பன் பொய் சொல்லாத கீரி. "எங்க பக்கம் நடுவுல யாரும் தேவைப்படுறதில்ல சார்," என்றது.

மரங்கொத்தி, அதுவும் பண்பாடு போலும் என்று மூன்று முத்திரை குத்தியது.

*

நீதி: சொந்தக்காரர் என்று பதிவு செய்யப்பட்ட எதுவும் தாலி ஏறும்வரை சாவதில்லை. ஆகவே குளிர்ப் பிரதேசத்தில் வாழை வளர்ப்போர் உரத்தையும் கணப்பையும் நம்பாமல், வீட்டில் ஒரு கல்யாணத்தை எப்போதும் நிலுவையில் வைத்திருக்கவும்.